பாயிண்ட் மூடியைத் திறக்காமலே மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு ஆறாயிரம் ரூபாய் போனது. பணம் போனால் போகட்டும், அப்பா வண்டியின் ஒரிஜினல் கார்புரேட்டரும் போய்விட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

வண்டி 1989 மாடல் புல்லட் 350. திருவொற்றியூரில் செய்த இரும்பு இன்ஜின், பாயிண்ட் இக்னிஷன். பாயிண்ட் என்பது பிளக்கில் பொறி விழவைக்கும் சின்ன ஸ்விட்ச், அது திறக்கும் நொடியில்தான் பொறி விழும். தை மாதத்திலிருந்து இழுவை குறைந்துகொண்டே வந்தது. மேட்டில் மூன்றாவது கியர் தாங்கவில்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டினால் முழங்காலில் அனல் அடிக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும்.

பைபாஸ் ஓரத்தில் புல்லட்டுக்கென்றே இருக்கும் ஒரு பட்டறையில் விட்டேன். மெக்கானிக் ஸ்டார்ட் செய்து இரண்டு முறுக்கு முறுக்கினார். "கார்புரேட்டர் தேஞ்சு போச்சுண்ணே, ஸ்லைடு ஆடுது பாருங்க" என்றார். வலது பக்கம் இருக்கும் பாயிண்ட் மூடியில் அவர் கை படவே இல்லை. கம்பெனி சாமான் என்று சொல்லி 5,200, கூலி 800. நானும் நம்பிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் அதே கதை. மறுபடி போனதற்கு, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினார். பிளக் கரி பிடித்துக் கறுத்தது, முப்பத்தைந்து கொடுத்த மைலேஜ் இருபத்துநாலுக்கு இறங்கியது. மூன்றாம் முறை, "போர் போட்டுடலாம்ணே, பதினாலாயிரம் ஆகும்" என்றார், அதாவது சிலிண்டரைக் கடைந்து பிஸ்டனை மாற்றுவது. அப்போதுதான் சுதாரித்தேன்.

திண்டுக்கல்லில் சித்தப்பாவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்டது, "எந்த வேகத்துல கோளாறு பண்ணுது தம்பி?" முறுக்காமல் நின்ற இடத்தில் ஓடும்போது மட்டும் தகராறு என்றால் பைலட் ஜெட், பாதி முறுக்கில் என்றால் நீடில், முழு முறுக்கில் என்றால் மெயின் ஜெட் என்று கார்புரேட்டர் கோளாறு பெரும்பாலும் ஓர் இடத்தில்தான் காட்டும். என் வண்டி எல்லா முறுக்கிலும் சோர்ந்தது, சூடும் ஏறியது. அப்படியென்றால் முதலில் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

பாயிண்ட் மூடியைக் கழற்றினார். பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 0.15 மில்லிமீட்டர் அளவுத் தகடே உள்ளே போகவில்லை. பாயிண்டைத் திறக்கவைக்கும் சுழலும் கேமில் உரசும் பாயிண்டின் கால் கிரீஸ் இல்லாமல் தேய்ந்துபோயிருந்தது. கால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும். இழுவை போனதும் அனல் அடித்ததும் சைலன்சர் வெடித்ததும் எல்லாம் இதனால்தான்.

புது பாயிண்ட், கண்டென்சர் இரண்டும் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம். கேமில் துளி கிரீஸ் வைத்து, இடைவெளியை முதலில் சரிசெய்தார். அப்புறம் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்போக்கை விட்டு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு வந்ததைப் பார்த்துக்கொண்டு, 0.8 மில்லிமீட்டர் பின்னுக்கு இறக்கினார். பாயிண்டுக்கு நடுவே ஒரு சிகரெட் தாளைச் செருகி என்னை மெதுவாக இழுக்கச் சொன்னார். பாயிண்ட் தட்டை மயிரளவு திருப்பத் திருப்பத் தாள் பிடித்துக்கொண்டே இருந்து, சட்டென்று வழுக்கி என் விரலுக்கு வந்தது. அதே நொடியில், பேட்டரி மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர் முள்ளும் நடுவுக்குத் துள்ளியது. பாயிண்ட் திறப்பது அந்த நொடிதான். மெயின் ஜெட்டையும் பழைய அளவுக்கே மாற்றினார். சிறுமலை மேட்டில் வண்டி பழையபடி ஏறியது.

ஆனால் அந்தப் புது கார்புரேட்டரில் ஒரிஜினலில் இருக்கும் மிக்கார்ப் கம்பெனி முத்திரையே இல்லை. ஸ்லைடு பழையதைவிட அதிகம் ஆடுகிறது.

பழையதைக் கேட்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். "காயலாங்கடைக்குப் போட்டாச்சுண்ணே" என்றார். மேல் தட்டில் மூன்று நான்கு பழைய கார்புரேட்டர்கள் பெட்ரோலில் கழுவி அடுக்கியிருந்தன. பார்க்கட்டுமா என்றேன், விடவில்லை.

வண்டியை விடும்போதே, கழற்றும் சாமான் என் கைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கார்புரேட்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை.

என்னுடையதன் அடிக்கிண்ணத்தில் இடது மூலையில் ஒரு சின்ன நசுங்கல் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது அப்பா கழற்றும்போது கீழே போட்டது. பழைய சாமான் வாங்கும் இடத்தில் யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள், என்ன விலை என்றாலும் வாங்கிக்கொள்கிறேன்.