ஓசாகாவில் எங்கள் தலையில் கட்டிய ‘ஜப்பானிய சிங்கிள் மால்ட்’

ஜப்பானுக்கு வந்து திரும்பும்போது ஒரு விஸ்கி பாட்டில் வாங்கிப் போக வேண்டும் என்று நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் ஓசாகாவில் நான்கு வருடமாக வேலையில் இருக்கிறேன். கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தை ஓரளவு வாசிப்பேன். இருந்தும் 2024 அக்டோபரில் 16,500 யென் கொடுத்து ஏமாந்தேன்.

அந்தப் பாட்டில் என் அத்தானுக்காக வாங்கியது. அக்காவும் அவரும் முதல்முறையாக என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அத்தான் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலையின் எரிசாராயப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மொலாசஸை ஊறல் போட்டு, உயரமான கோபுரங்களில் வடித்து, வாடையே இல்லாத ஸ்பிரிட்டாக இறக்குவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி அந்த ஸ்பிரிட்டோடு, முளைகட்டிய பார்லியில் வடித்த மால்ட் விஸ்கி கொஞ்சமும் நிறமும் மணமும் சேர்த்ததுதான் என்று வருத்தப்படுவார். அந்த பார்லியை மட்டும் வைத்து ஒரே ஆலையில், வாலை என்கிற செம்பு வடிகலத்தில் ‘சிங்கிள் மால்ட்’ வடிப்பதை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

அதனால் யமசாகிக்கு அழைத்துப் போனேன். கியோட்டோவுக்கும் ஓசாகாவுக்கும் நடுவே, கட்சுரா, உஜி, கிசு என்று மூன்று ஆறுகள் கூடுகிற இடம். பனியும் ஈரமும் தங்கி நிற்கும். தண்ணீர் அவ்வளவு நன்றாக இருக்கும். தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்யூ அமைத்ததாகச் சொல்லும் தேநீர் அறையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஷின்ஜிரோ டோரி 1923-இல் ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கி ஆலையை இங்கே தொடங்கியதற்கு அந்தத் தண்ணீர் ஒரு பெரிய காரணம். ஆலையை எழுப்பி நடத்த அவர் அமர்த்தியவர் மசடகா டகெட்சுரு. சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. 1918-இல் ஸ்காட்லாந்துக்குப் போய், கிளாஸ்கோவில் படித்து, அங்குள்ள ஆலைகளில் தொழில் பழகி, ரீட்டா என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை மணந்துகொண்டு ஊர் திரும்பியவர். பின்னால் தனியாகப் பிரிந்து 1934-இல் ஹொக்கைடோவின் யோய்ச்சியில் சொந்த ஆலை போட்டார். அங்கே வாலைக்கு அடியில் இன்றைக்கும் நிலக்கரியை அள்ளிப் போட்டுத்தான் எரிக்கிறார்கள். வாலையின் கழுத்தில் கோயிலில் கட்டுவது போல வைக்கோல் கயிறு கட்டியிருக்கும். அது சாக்கே ஆலைகளின் வழக்கம்.

யமசாகியில் வாலைக் கூடத்துக்குள் நுழைந்ததும் அத்தான் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் செம்பு வாலைகள். ஒன்றுக்குக் கழுத்து நேராக, இன்னொன்றுக்கு நடுவில் பானை போல வீங்கி, ஒன்று குள்ளமாக, ஒன்று நெட்டையாக.

“ஏன் மாப்ளே எல்லாம் வேற வேற அளவு? எங்க ஆலையில ரெண்டு கோபுரத்துக்கு ஒரு இஞ்ச் வித்தியாசம் இருந்தாலே சண்டை போடுவோம்” என்றார்.

வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டுச் சொன்னேன். ஸ்காட்லாந்தில் ஓர் ஆலை இன்னோர் ஆலையோடு சரக்கு மாற்றிக்கொள்ளும். கலவை விஸ்கிக்கு வேண்டிய பலவகை ருசி அப்படிக் கிடைத்துவிடும். ஜப்பானில் போட்டிக் கம்பெனிகள் அப்படிக் கொடுத்து வாங்குகிற பழக்கம் வளரவில்லை. ஆகவே ஒரே கூரையின் கீழ் கனமானது, லேசானது, புகை வாடை உள்ளது என்று எல்லாவற்றையும் தாங்களே வடித்துக்கொள்கிறார்கள். முளைகட்டிய பார்லியை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாற்றைக் கலங்கல் இல்லாமல் தெளியவிடுவது, இரண்டு மூன்று நாள் ஊறல், அதில் சிலவற்றுக்கு மரத்தொட்டி, பிறகு செம்பில் இரண்டு தடவை வடிப்பது. ஒவ்வொரு படியிலும் அவர்கள் தேடுவது வாசனை. வாசனை இல்லாமல் வடிப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்த அத்தானுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று முகத்திலேயே தெரிந்தது.

பீப்பாய்க் கிடங்கில் மிஸுனாரா என்ற ஜப்பானிய ஓக் மரத்தைப் பற்றிச் சொன்னார்கள். போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பீப்பாய் வராமல் போனபோது வேறு வழியின்றி இந்த மரத்தைத் தொட்டார்கள். வளர்வது மெதுவாக, பீப்பாய்க்கு ஆகும் பருமன் வர ஏறக்குறைய இருநூறு வருடம். வளைக்கக் கஷ்டம், ஒழுகவும் ஒழுகும். ஆரம்பத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பல வருடம் கிடந்தபின் அதிலிருந்து சந்தனமும் அகிலும் கலந்த ஒரு மணம் வந்தது. நமக்குக் கோயில் நினைவு வரும். அவர்களுக்கும் அதேதான்.

விற்பனைக் கூடத்தில், எத்தனை வருடம் பீப்பாயில் கிடந்தது என்று வயது போட்ட பாட்டில் அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து தொடங்கியது எங்கள் கெட்ட நேரம்.

மாலையில் சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஒரு கடைத்தெருவுக்குப் போனோம். கடையின் பெயரை எழுதவில்லை. சாக்கே, விஸ்கி, பச்சைத் தேநீர், விசிறி எல்லாம் ஒரே இடத்தில் விற்கிற கடை. யமசாகி ஆலையின் பன்னிரண்டு வருட விஸ்கியான யமசாகி 12 இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டு, விற்பனையாளர் மேல் தட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். தூரிகையால் எழுதியது போன்ற ‘கான்ஜி’ என்ற ஜப்பானியச் சித்திர எழுத்து, ஃபூஜி மலைப் படம், பொன் நிறத்தில் பெரிய ‘12’. “சின்ன ஆலையில் செய்தது. சிங்கிள் மால்ட், பன்னிரண்டு வருடம். யமசாகி 12-க்கு என்ன விலையோ அதே விலைதான்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். யமசாகி 12-இன் விலையை 2024 ஏப்ரலில் 10,000 யென்னிலிருந்து 15,000 யென்னாக உயர்த்தினார்கள். வரியோடு 16,500. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும் என்பதால் அவர் சொன்னது சரியென்றே பட்டது.

பெட்டியைத் திறந்து பாட்டிலின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். பரிசுப் பெட்டி, முத்திரையைப் பிரித்தால் விற்க முடியாது என்றார். இந்த இடத்தில் யாராக இருந்தாலும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். பின்பக்கத்துச் சின்ன எழுத்தில்தான் எல்லா உண்மையும் இருக்கிறது.

அன்று இரவு வீட்டில் திறந்தோம். அத்தான் குடிப்பதற்கு முன் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, மூக்கருகே வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். மறுபடியும் தேய்த்தார்.

“மாப்ளே, இதுல மால்ட் இல்லவே இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அடியில ஓடுறது எங்க ஆலை சரக்கு.”

நான் நம்பவில்லை. ஜப்பானில் அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள் என்று வாதாடினேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல், “விடுங்க, நீங்க ஆசையா வாங்கிக் கொடுத்தது” என்று மீதியைக் குடித்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பாட்டிலின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, வீட்டுப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் சின்ன மதுக்கூடத்துக்கு அத்தானையும் கூட்டிப் போனேன். ஆறு நாற்காலி மட்டும் போட்ட இடம். அங்குள்ள பெரியவர் படத்தை ஒரு தடவைதான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களுக்காக வருத்தம் தெரிவித்தார், ஏதோ தானே விற்றது போல.

பொருள் விவரத்தில் மூன்று சொற்கள் இருந்தன: மால்ட், கிரெயின், ஸ்பிரிட்ஸ். சிங்கிள் மால்ட் என்றால் அங்கே மால்ட் என்ற ஒரு சொல் மட்டும்தான் இருக்க வேண்டும். ஸ்பிரிட்ஸ் என்று இருந்தால், அத்தான் சொன்ன அதே வாடையற்ற ஆல்கஹால். ஆல்கஹால் அளவு 37 சதவீதம். முன்பக்கத்து ‘12’-க்குப் பக்கத்தில் வருடத்தைக் குறிக்கும் ‘நென்’ என்ற எழுத்தே இல்லை. பெயரோடு சேர்ந்த வெறும் எண் அது. பாட்டிலில் எங்கேயும் சிங்கிள் மால்ட் என்று எழுதவில்லை, ஜப்பானிய விஸ்கி என்றும் எழுதவில்லை. ‘விஸ்கி’ என்று மட்டும் இருந்தது. சிங்கிள் மால்ட் என்பது கடைக்காரர் வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

இது எப்படிச் சட்டப்படி நடக்கிறது என்றும் பெரியவரே விளக்கினார். ஜப்பானின் மது வரிச் சட்டத்தில் விஸ்கிக்கு இவ்வளவு வருடம் பீப்பாயில் கிடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உள்ளே இருக்கும் ஆல்கஹாலில் பத்தில் ஒரு பங்கு தானியத்திலிருந்து வடித்த விஸ்கியாக இருந்தால் மிச்சத்தை ஸ்பிரிட்டால் நிரப்பியும் விஸ்கி என்றே விற்கலாம். வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வந்த சரக்கை இங்கே பாட்டிலில் அடைத்து, சாமுராய் படம் ஒட்டியும் விற்கலாம். ஜப்பானிய விஸ்கிக்கு உலகம் முழுக்கப் பெயர் வந்து, பழைய சரக்கு தீர்ந்துபோனபோது இந்த வியாபாரம் பெருகியது. உண்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்கே பொறுக்காமல், ஜப்பானின் மதுத் தயாரிப்பாளர் சங்கம் 2021-இல் ஒரு தர விதியைக் கொண்டுவந்தது. தண்ணீர் ஜப்பானில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஊறலும் வடிப்பும் ஜப்பானில் நடக்க வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத மரப் பீப்பாயில் ஜப்பானிலேயே குறைந்தது மூன்று வருடம் கிடக்க வேண்டும். ஜப்பானிலேயே பாட்டிலில் அடைத்து, 40 சதவீதத்துக்குக் குறையாமல் விற்க வேண்டும். பழைய சரக்குக்குக் கொடுத்த கால அவகாசம் 2024 மார்ச்சோடு முடிந்தது. ஆனால் இது சங்கத்து விதி, அரசாங்கச் சட்டம் இல்லை. சங்கத்தில் சேராதவர்களை எதுவும் கட்டாது.

பேச்சை நிறுத்திவிட்டுப் பெரியவர் அத்தானுக்கு யோய்ச்சி சிங்கிள் மால்ட் ஊற்றினார். முதலில் ஐஸ் இல்லாமல், விஸ்கியும் தண்ணீரும் சரிபாதி. வாசனை முழுசாக எழும்ப அதுதான் வழி என்றார். அத்தான் உள்ளங்கையில் தேய்க்கப் போனார். பெரியவரும் தன் கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக் காட்டினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. நிலக்கரிப் புகை, லேசான உப்பு, பின்னால் ஒரு பழ இனிப்பு. காய்ந்த கையில் வெகுநேரம் மால்ட் வாசனை நின்றது. முந்தின நாள் பாட்டில் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் இல்லாமல் போயிருந்தது.

அப்புறம் ஹைபால். ஐஸ் கட்டியைக் கத்தியால் செதுக்கி, கண்ணாடி குளிரும் வரை சுற்றி, உருகிய தண்ணீரைக் கொட்டி, ஒரு பங்கு விஸ்கிக்கு மூன்று நான்கு பங்கு சோடாவை ஐஸ் மேல் படாமல் ஓரமாக விட்டு, ஒரே ஒரு கலக்கல். சாப்பாட்டோடு இதைத்தான் குடிக்கிறார்கள். நல்ல விஸ்கியில் சோடா சேர்க்கலாமா என்று நம்மவர்கள் தயங்குவார்கள். இங்கே யாரும் தயங்குவதில்லை. வெறும் தண்ணீரும் ஐஸும் சேர்க்கும் மிஸுவாரியையும் அதே மரியாதையோடு செய்து தருவார்கள்.

மறுநாள் கடைக்குத் திரும்பப் போனேன். திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். சிங்கிள் மால்ட் என்று சொன்னீர்களே என்றதற்கு, அப்படிச் சொல்லவே இல்லை என்றார்கள். ரசீதில் ‘விஸ்கி, ஒன்று’ என்று மட்டும் இருந்தது. அலுவலக நண்பரை வைத்து 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் இல்லாததால் பணம் திரும்பவில்லை. அதே பாட்டில், மரப்பெட்டி இல்லாமல், எங்கள் வட்டாரத்து மருந்து-மளிகைக் கடையில் 2,980 யென்னுக்கு இருப்பதைப் பிறகு பார்த்தேன்.

நீங்கள் வாங்கும்போது கடைக்காரர் சொன்னதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. யமசாகி, ஹிபிகி போன்ற விஸ்கிகளின் காலிப் பாட்டிலும் பெட்டியும் இங்கே இணையத்தில் தனியாகவே விலைபோயிருக்கின்றன. அதில் வேறு எதையாவது நிரப்பி விற்கிறவர்களும் உண்டு. ஆகவே தனியாரிடம் மலிவாகக் கிடைக்கிறது என்று போகாதீர்கள். மூடியின் முத்திரை, கழுத்தளவு, பாட்டில் எண் எல்லாவற்றையும் பாருங்கள்.

அத்தான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பெரியவர் சொன்ன ஒரு பழைய மதுக்கடையில் யோய்ச்சி வாங்கினோம். வயது போடாததுதான். கடைக்காரர் கேட்காமலே பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். மால்ட் என்பதற்குக் கத்தகானாவில் மூன்று எழுத்து. அத்தான் அதற்குள் அந்த மூன்றையும் மனப்பாடம் செய்திருந்தார். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார், “மோ… ரு… தோ.” அதற்கு அடுத்து வேறு சொல் எதுவும் இல்லை என்று இரண்டு தடவை சரிபார்த்தபின்தான் பையில் வைத்தார்.

ஃபூஜி மலைப் படம், மரப்பெட்டி, பொன் நிற ‘12’. போன வாரமும் அந்தக் கடையின் மேல் தட்டில் பார்த்தேன்.