வீட்டில் நாலு கம்ப்யூட்டர், ஒரே ஃபைபர் லைன்: ஆர்ச்சர் சி6 வேண்டுமா, டிஎல்-எஸ்ஜி105 போதுமா?

கடைக்குப் போய், "வீட்ல நாலு கம்ப்யூட்டர் இருக்கு, எல்லாத்துலயும் நெட் வரணும்" என்று கேட்டால், மேசைமேல் வந்து விழுவது பெரும்பாலும் நான்கு ஆன்டெனா வைத்த ரவுட்டர் பெட்டிதான். ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் அது இரண்டாவது ரவுட்டர். முதல் ரவுட்டர் ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது: இணைப்பு கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி, அதாவது ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றும் பெட்டி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) கொடுப்பதையும், ஒரே லைனைப் பங்கிடுவதையும் பெரும்பாலான ஓஎன்டிகளே செய்துவிடும். ஓஎன்டியில் கேபிள் செருகும் போர்ட் பற்றவில்லை என்றால் வாங்க வேண்டியது ஸ்விட்ச், அதாவது ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் பெட்டி. வைஃபை எட்டவில்லை என்றால்தான் ரவுட்டர் பக்கம் போக வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் இங்கே எளிதில் கிடைப்பவை டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-எஸ்ஜி105 என்ற 5 போர்ட் ஸ்விட்ச்சும், ஆர்ச்சர் சி6 ரவுட்டரும்.

பணம் எடுக்கும் முன் ஓஎன்டியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். கழற்றும்போது பச்சை முனை கொண்ட ஃபைபர் வயரைச் சுருக்கி மடக்க வேண்டாம். மடங்கினால் ஒளி கசிந்து 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரியத் தொடங்கும். பின்பக்க லேபிளில் 1ஜிஇ, 3எஃப்இ என்பதுபோல் எழுதியிருக்கும். ஜிஇ என்றால் 1000 எம்பிபிஎஸ் (கிகாபிட்) போர்ட், எஃப்இ என்றால் 100 எம்பிபிஎஸ் போர்ட். நான்கு போர்ட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 200 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டுவிட்டு எஃப்இ போர்ட்டில் கேபிளைச் செருகினால், ஸ்பீடு டெஸ்ட்டில் 94-ஐத் தாண்டாது. 'லைனில் கோளாறு' என்று கொடுக்கப்படும் புகார்களில் ஒரு பகுதி இந்த ஒரு செருகலால் வருவதுதான். ஜிஇ போர்ட் ஒன்றே ஒன்று இருந்தால் அதை எந்தக் கம்ப்யூட்டருக்கும் நேராகக் கொடுக்காதீர்கள். அது ஸ்விட்ச்சுக்குப் போகட்டும். கம்ப்யூட்டர்களெல்லாம் ஸ்விட்ச்சிலிருந்து பிரியட்டும்.

டிஎல்-எஸ்ஜி105 ஒரு சின்ன உலோகப் பெட்டி. மின்விசிறி இல்லை, சத்தம் இல்லை, செட்டிங் எதுவும் இல்லை. ஐந்து போர்ட்டும் 1000 எம்பிபிஎஸ். எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினாலும் தாங்கும் 10 ஜிபிபிஎஸ் கொள்ளளவு உள்ளே இருக்கிறது. எந்தப் போர்ட்டில் எதைச் செருகினாலும் அதுவே புரிந்துகொள்ளும். ஒரு முனையில் கம்பி வரிசையை மாற்றிப் போடும் பழைய காலத்து கிராஸ் கேபிள் சங்கதியெல்லாம் வேண்டாம். ஒரு போர்ட் ஓஎன்டிக்குப் போய்விடும் என்பதால் 5 போர்ட் ஸ்விட்ச்சில் மிஞ்சுவது 4. நாலு கம்ப்யூட்டரோடு பிரின்டர், டிவி, கேமரா ரெக்கார்டர் என்று இருந்தால் 8 போர்ட் உள்ள டிஎல்-எஸ்ஜி108 வாங்குவது புத்திசாலித்தனம். ஒரு ஸ்விட்ச்சிலிருந்து இன்னொரு ஸ்விட்ச் என்று சங்கிலி போடலாம்தான். ஆனால் இரண்டையும் இணைக்கும் ஒரே கேபிளின் 1000 எம்பிபிஎஸ்ஸை அந்தப் பக்கத்தில் உள்ள அத்தனை பேரும் பங்கு போட வேண்டும்.

ஸ்விட்ச்சின் பலன் இன்டர்நெட் வேகத்தைவிட வீட்டுக்குள் ஃபைல் அனுப்பும்போதுதான் பளிச்சென்று தெரியும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு 50 ஜிபி கல்யாண வீடியோவைக் காப்பி செய்ய 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் ஏறக்குறைய 70 நிமிடம் ஆகும். கிகாபிட்டில், இரு பக்கமும் எஸ்எஸ்டி இருந்தால், 8 நிமிடத்துக்குள் முடியும். இந்தப் போக்குவரத்து ஓஎன்டியைத் தொடுவதே இல்லை, ஸ்விட்ச்சுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. நெட் லைன் அறுந்து கிடந்தாலும் ஃபைல் போகும்.

வாங்கும்போது ஒற்றை எழுத்தில் ஏமாறாதீர்கள். டிஎல்-எஸ்எஃப்1005டி என்றால் 100 எம்பிபிஎஸ். டிஎல்-எஸ்ஜி1005டி என்றால் 1000. டி-லிங்க் பெட்டிகளில் டிஇஎஸ் என்று தொடங்குபவை 100, டிஜிஎஸ் என்று தொடங்குபவை 1000. விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் கடைக்காரர் கையில் முதலில் சிக்குவது விலை குறைந்ததாகத்தான் இருக்கும். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் பழைய ஹப்களைத் தொடவே வேண்டாம். ஹப் ஒரு போர்ட்டில் வந்ததை எல்லாப் போர்ட்டுக்கும் ஒப்பிக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

எஸ்ஜி105-இல் குறை என்று சொன்னால், முட்டாள்தனத்தை அது தடுக்காது. ஒரே கேபிளின் இரு முனையையும் அதே ஸ்விட்ச்சில் செருகிவிட்டால், அல்லது ஓஎன்டிக்கும் ஸ்விட்ச்சுக்கும் இடையே இரண்டு கேபிள் போட்டுவிட்டால், ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்து எல்லா விளக்கும் வெறிபிடித்ததுபோல் மின்னும்; வீடு முழுக்க நெட் நிற்கும். கூடுதல் கேபிளை உருவினால் சரியாகிவிடும். பெருக்கித் துடைத்த பிறகு 'கழன்று கிடக்கிறதே' என்று யாராவது நல்லெண்ணத்தில் செருகிவைப்பதுதான் வழக்கமான காரணம். அப்படிப்பட்ட வீட்டுக்கு, இப்படிச் சுற்றும் லூப்பைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வசதி உள்ள டிஎல்-எஸ்ஜி105இ கொஞ்சம் கூடுதல் விலையில் கிடைக்கிறது.

இனி ரவுட்டர். ஆர்ச்சர் சி6-இன் பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 867, 2.4-இல் 300, இரண்டையும் கூட்டி மேலே தள்ளி எழுதிய எண் அது. எந்தக் கம்ப்யூட்டரும் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கப்போவதில்லை. அதே அறையில் உட்கார்ந்தால் 867-இல் பாதி, அல்லது கொஞ்சம் மேலே, கையில் கிடைக்கும். ஒரு செங்கல் சுவர் தாண்டினால் குறையும். கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்குப் போனால் 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்குத்தான். ஆனாலும் சி6-ஐப் பரிந்துரைக்கக் காரணம் அதன் வைஃபை அல்ல, பின்பக்கம். நெட் உள்ளே வரும் வான் போர்ட் ஒன்று, கம்ப்யூட்டர்களுக்கான லேன் போர்ட் நான்கு, ஐந்துமே கிகாபிட். அதே ஏசி1200 பட்டயத்தோடு விற்கும் ஆர்ச்சர் சி50-இல் எல்லாப் போர்ட்டும் 100 எம்பிபிஎஸ்தான். வான் போர்ட்டே 100 என்றால் மேலே எத்தனை ஆன்டெனா நட்டும் என்ன பயன்? பல பெட்டிகளை வீடெங்கும் வைத்து ஒரே வைஃபையாக்கும் டெக்கோ மெஷ் வகையிலும் இதே கதை: இ4-இல் 100, எம்4-இல் 1000.

லேப்டாப்களில் வைஃபை 6 கார்டு இருந்தால் ஆர்ச்சர் ஏஎக்ஸ்23 பார்க்கலாம். பழைய கார்டுகளே என்றால் அந்தக் கூடுதல் பணத்தில் நல்ல கேபிள் இழுத்துவிடலாம்.

சி6-ஐ எப்படி மாட்டுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பெட்டியைப் பிரித்து, ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டில் செருகினால் நெட் வந்துவிடும். ஆனால் அப்போது வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உருவாகிவிடுகிறது. ஓஎன்டி வைஃபையில் உள்ள லேப்டாப் 192.168.1-இலும், சி6-இல் உள்ள கம்ப்யூட்டர் 192.168.0-இலும் இருக்கும். இரண்டிலும் யூடியூப் ஓடும்; பிரின்டர் மட்டும் ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. பகிர்ந்த ஃபோல்டருக்கும் இதே கதிதான். நாலு கம்ப்யூட்டர் வீட்டுக்குச் சரியான வழி சி6-ஐ ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றுவது. அட்வான்ஸ்டு பகுதியில் ஆப்பரேஷன் மோட் என்ற இடத்தில் 'ஆக்சஸ் பாயின்ட்' தேர்ந்தெடுத்துச் சேமித்தால் ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். அதன்பின் ஐபி கொடுக்கும் வேலை முழுக்க ஓஎன்டியிடம். சி6 வெறும் வைஃபை தரும் ஸ்விட்ச். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஓஎன்டியில் உள்ளதையே வைத்தால் லேப்டாப் எது பலமாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். 2.4-க்கு ஒன்றில் சேனல் 1 என்றால் இன்னொன்றில் 6 அல்லது 11 வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் இந்த மூன்றும்தான்.

இதற்கு எதிர்த்திசையிலும் போகலாம்: ஓஎன்டியை ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றி, இணைப்பில் உள்நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டை சி6-இல் போடுவது. பெற்றோர் கட்டுப்பாடு, யாருக்கு எவ்வளவு வேகம் என்ற பங்கீடு இவையெல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் வழி. சில நிறுவனங்கள் பிரிட்ஜ் மோட் தருவதே இல்லை. தருகிறவர்களிடம் விஎல்ஏஎன் எண் (லைனில் உங்கள் நெட்டைப் பிரித்தறியும் எண்) உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இணையாது. எம்டியு (ஒரே தவணையில் அனுப்பும் தகவலின் அளவு) 1492-க்கு மேல் வைத்தால் சில தளங்கள் திறக்கும், சில சுற்றிக்கொண்டே நிற்கும். வேகப் பங்கீட்டைப் போட்டால் சிப் நேரடியாகத் தள்ளிக்கொண்டிருந்த வேலை பிராசசர் தலையில் விழும் என்பதால் மொத்த வேகம் கொஞ்சம் இறங்கலாம். ஒருவர் அப்லோடு போடும்போது இன்னொருவரின் ஜூம் கிளாஸ் விக்காமல் போக, அப்லோடு வரம்பைப் பிளானில் உள்ளதில் 90 சதவீதமாக வைத்தாலே பெரும்பாலும் போதும். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்கப் போர்ட் திறப்பவர்கள் முதலில் வான் ஐபியைப் பாருங்கள்: 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால் அது பொது முகவரி அல்ல. எந்த ரவுட்டர் வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது.

பழைய ரவுட்டர் பரணில் கிடக்கிறதா? ஸ்விட்ச்சாகவே பயன்படுத்தலாம். அதன் டிஹெச்சிபியை (ஐபி கொடுக்கும் வசதியை) அணைத்து, ஓஎன்டியோடு மோதாத ஒரு ஐபி எண்ணைக் கொடுத்து, வான் போர்ட்டைக் காலியாக விட்டு, லேன் போர்ட்களை மட்டும் பயன்படுத்துங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் இரண்டு பேர் ஐபி விநியோகம் செய்வார்கள்; காலையில் வந்த நெட் மாலையில் வராது. கேபிள்காரர் தெருக் கம்பத்து ஸ்விட்ச்சிலிருந்து லேன் கேபிளாகவே இணைப்பு கொடுக்கும் ஊர்களில், அந்த வயரைத் தவறி லேன் போர்ட்டில் செருகிவிட்டால், தெருவுக்கே உங்கள் ரவுட்டர் ஐபி கொடுக்கத் தொடங்கிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் ஆச்சரியமில்லை.

கேபிள்தான் இந்த விஷயத்தில் உயிர்நாடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டு கம்பியில் நாலு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத நாலில் ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விண்டோஸ் 11-இல் நெட்வொர்க் செட்டிங்கில் ஈதர்நெட்டைத் திறந்தால் இணைப்பு வேகம் 1000/1000 என்று இருக்க வேண்டும். 100/100 என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள், பிறகு போர்ட்டை. கேட்5இ வகைக் கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட்டுக்குப் போதும். கேட்6 தடிமனானது, பழைய பிவிசி பைப்பில் வளைவுகளில் சிக்கும்.

ஆனால் அது செம்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். நாலு தடவை வளைத்தாலே முறியும், நீளம் கூடினால் வேகம் தள்ளாடும். மொட்டைமாடி வழியாகப் போகும் கேபிளுக்கு வெயில் தாங்கும் கறுப்பு மேலுறை உள்ளதைக் கேளுங்கள்.

கேபிளில் பிளக்கைப் பொருத்தி கிரிம்ப் செய்யும்போது இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. 'இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சரி' என்று நிறம் நிறமாக, ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என அடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்து 'ஓகே' காட்டும். ஆனால் வரிசையில் 3-வது, 6-வது கம்பிகள் ஒரே முறுக்கில் வராமல் இரண்டு ஜோடிகளுக்குப் பிரிந்துவிடுவதால் ஒரு கம்பியின் இரைச்சல் இன்னொன்றில் ஏறும். இரண்டு மீட்டர் துண்டில் தெரியாத கோளாறு இருபது மீட்டரில் தெரியும். முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்; வெளியுறை பிளக்குக்குள் போய் அழுந்தியிருக்க வேண்டும்.

கரன்ட் போனால் ஓஎன்டி, சி6, ஸ்விட்ச் மூன்றும் உயிரோடு இருந்தால்தான் நெட் வரும். மினி யுபிஎஸ் போடுபவர்கள் மூன்றையும் கணக்கில் வையுங்கள். சி6-க்கு 12 வோல்ட். எஸ்ஜி105 பெரும்பாலும் 5 வோல்ட், பழைய பதிப்புகளில் 9. பின் பொருந்துகிறதே என்று 12 வோல்ட்டைச் செருகினால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அடாப்டர்களில் ஸ்டிக்கர் ஒட்டிப் பெயர் எழுதிவையுங்கள். கம்பத்திலிருந்து லேன் கேபிளாக இணைப்பு வரும் வீடுகளில் மழைக்காலத்தில் இடி இறங்கினால் முதலில் கருகுவது அந்தக் கேபிள் நுழையும் போர்ட்தான். அங்கே விலை குறைந்த 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை ரவுட்டருக்கு முன்னால் வைத்தால், பல சமயம் அது பலியாகி ரவுட்டர் தப்பிக்கும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியே மின்னல் ஏறாது. அடாப்டர் வழியாக ஏறலாம், அதற்கு பிளக்கைப் பிடுங்குவதைத் தவிர நிச்சயமான வழி இல்லை.