கரிசலில் ஒரு வீடு: பக்கத்து ஊர்ப் பொறியாளரா, முகம் பார்க்காத ஆர்க்கிடெக்டா?

கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையே, ஒரு கண்மாய்க்குக் கீழ்ப்புறம் எங்களுக்கு இருபது சென்ட் இடம். அப்பாவும் அம்மாவும் அங்கே ஓட்டு வீட்டில் இருந்தார்கள். நான் சென்னையில், நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாத வேலையில். பழைய வீட்டுச் சுவர் வாய் பிளந்ததும் புதிதாகக் கட்ட முடிவு செய்தோம். வரைபடத்தை யாரிடம் கொடுப்பது என்பதிலேயே நான்கு மாதம் போய்விட்டது.

இணையத்தில் விற்கும் ஆயத்த வரைபடத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது நகரத்து மனைக்குப் போட்டது. கண்மாய் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது.

மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் பக்கத்து ஊர்ப் பொறியாளர். போன் போட்டால் அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து நிற்பார். வரைபடத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது, ஒப்பந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டே நாளில் படம் போட்டுக் கொடுத்தார். அனுமதி வாங்குவதிலும் அவர் கைதான் மேல். தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி உண்டு. எங்கள் இருபது சென்ட் 8,712 சதுர அடி என்பதால் அந்த வசதி எங்களுக்குக் கிட்டவில்லை. அலுவலகப் படியேற உள்ளூர் ஆள் வேண்டியிருந்தது.

இன்னொருவர் கோயம்புத்தூரில் இருக்கும் ஆர்க்கிடெக்ட். வீடு முடியும்வரை ஒரு முறைகூட மனைக்கு வரவில்லை. கட்டணம் தனி, அதுவும் முன்பணத்தோடு. அவரைத்தான் தேர்ந்தெடுத்தேன். காரணம் மண்.

கரிசலைப் பற்றி அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் தண்ணீர் குடித்து உப்பும். வீட்டுக்கு நடுவே இருக்கும் மண் ஓரளவு ஒரே ஈரத்தில் கிடக்க, ஓரத்து மண் மட்டும் ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல் அப்படி வருவதுதான்.

பொறியாளரிடம் கேட்டபோது, "தம்பி, இந்த ஊர் மண் எனக்குத் தெரியாதா? ஐந்தடிக்கு அஸ்திவாரக் குழி தோண்டி, மணல் நிரப்பி, மேலே சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டுவிடலாம்" என்றார். மண்ணைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. கரிசலுக்குள் நிரப்பும் மணல் சில இடங்களில் தண்ணீரைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆர்க்கிடெக்டோ முதல் மூன்று வாரம் ஒரு கோடுகூடப் போடவில்லை. கேள்விதான் கேட்டார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மழையில் உங்கள் மனையில் தண்ணீர் எதுவரை நின்றது? அப்பா வேப்பமரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் படம் அனுப்பினார். செயற்கைக்கோள் படத்தின் உயரக் கணக்கு மீட்டர் கணக்கில் பிசகும் என்பதால், கொத்தனாரை வைத்து, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலில் நான்கு மூலைக்கும் மட்டம் பார்க்கச் சொன்னார். பிறகு மண். சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குவளைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. இரண்டு குவளைக்கும் உள்ள வித்தியாசம்தான் மண்ணின் குணம். ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்பே அப்பா அடுப்படியில் அதைச் செய்து பார்த்துவிட்டார். தண்ணீர்க் குவளையில் மண் ஏறக்குறைய இரண்டு மடங்காக நின்றது. அம்மா அந்தக் குவளைகளை இன்னும் தொடுவதில்லை.

அதன் பிறகே அஸ்திவாரம் முடிவானது. ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த, அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண். ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும். ஈரம் ஏறி இறங்கும் மண்ணைத் தாண்டிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் வரும் பீம் மண்ணைத் தொடவே கூடாது. அடியில் எட்டு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் உப்பும் மண் பீமைத் தூக்கிவிடும்.

தொலைவிலிருந்து வடிவமைப்பதன் ஆபத்தும் இங்கேதான் தெரிந்தது. படத்தில் இடைவெளி இருந்தது. மேஸ்திரி அதைப் பிழை என்று நினைத்து, வழக்கம்போல் தரையிலேயே கம்பி கட்டத் தொடங்கிவிட்டார். மறுநாள் காலை கான்கிரீட். முதல் நாள் சாயங்காலம் அப்பா வேறு ஏதோ கேட்க வீடியோவில் அழைத்தபோது, அவருக்குப் பின்னால் தெரிந்ததைப் பார்த்து ஆர்க்கிடெக்ட் அலறினார். "பீமுக்கு அடியில் சந்து எதற்கு அண்ணாச்சி, பாம்பு குடியிருக்கவா?" என்று மேஸ்திரி அப்பாவிடம் கேட்டார். கம்பியைப் பிரித்துத் திரும்பக் கட்ட இரண்டு நாள். அன்று அப்பா அழைத்திராவிட்டால் மூன்றரை மீட்டர் பைல் போட்டதற்குப் பாதிப் பலன்கூட இருந்திருக்காது. படமெல்லாம் மில்லிமீட்டரில், மேஸ்திரிக்குத் தெரிந்ததோ அடியும் அங்குலமும். அதையும் பிறகுதான் மாற்றி வாங்கினோம்.

எனவே, மனையில் அப்பாவைப் போல நாள் முழுக்க நிற்க ஓர் ஆள் இல்லாதவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். பக்கத்து ஊர்க்காரரே மேல்.

வெயில், காற்று விஷயத்தில் இருவரும் ஏறக்குறைய சமம். மேல்காற்று ஆடியில் என்ன செய்யும் என்பது கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த பொறியாளருக்கும் தெரியும். எங்கள் ஊரில் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி பாதிவரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் என்று சொல்லி, வடக்கு ஜன்னல்களுக்கும் வெயில் மறைப்பு வைத்தது மட்டும் ஆர்க்கிடெக்ட்.

செலவுக் கணக்கைப் பொதுவாக்க எனக்குத் தயக்கம். பைலுக்கும் ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கும், அனுமதிக்குக் கையெழுத்துப் போட்ட உள்ளூர்ப் பொறியாளருக்கும் சேர்த்து, முதலில் வந்த மதிப்பீட்டைவிடக் கூடுதலாகத்தான் ஆனது. செம்மண் பூமியாக இருந்திருந்தால் இந்தப் பணத்தைக் கொடுத்திருக்க மாட்டேன். குடியேறி ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும்தான் ஆகியிருக்கின்றன. கரிசல் மண் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்வதில்லை. இதுவரை விரிசல் விழுந்திருப்பது சுற்றுச்சுவரில் மட்டும். செலவை மிச்சம் பிடிக்க அதற்கு மட்டும் பைல் வேண்டாம் என்று சொன்னது நான்தான்.