ஒயின் கூலரில் ஐந்து ஆண்டுகள்: டிஸ்ப்ளேயில் 13, உள்ளே 5

பிரான்சில் இருக்கும் அண்ணன் புதுச்சேரி வரும்போதெல்லாம் இரண்டு மூன்று பாட்டில் கொண்டுவருவார். மே மாத வெயிலில் அவற்றை அலமாரியில் வைக்க முடியாது. வீட்டு ஃபிரிட்ஜின் 4 டிகிரி அதிகக் குளிர். 13 டிகிரியில் நிற்கும் பெட்டி வேண்டும் என்றுதான் 24 பாட்டில் கொள்ளும் கூலர் வாங்கினேன். கம்ப்ரஸர் வைத்தது. கம்ப்ரஸர் இல்லாமல் மின்சாரத்தாலேயே குளிர்விக்கும் பெல்டியர் வகை விலை குறைவுதான், ஆனால் அறைச் சூட்டிலிருந்து ஓரளவுக்குத்தான் அதனால் இறக்க முடியும். நம் ஊர்க் கோடைக்கு அது போதாது.

நான்கு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. மழைக்காலத்தில் மரத்தட்டுகள் கொஞ்சம் உப்பின, அவ்வளவுதான்.

போன கோடையில் ஒரு வெள்ளை ஒயின் பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் போலப் படிகங்கள் கிடந்தன. டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது. கேடு இல்லை, ஆனால் அதிகக் குளிரில்தான் அப்படிப் படியும். டிஸ்ப்ளேயோ 13 என்றது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்தேன். கம்ப்ரஸர் ஓடி நிற்கும்போதெல்லாம் காற்றின் சூடு மாறும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. காலையில் பார்த்தால் 5.

சர்வீஸிலிருந்து வந்தவர் முதலில் கேஸ் போயிருக்கும் என்றார். கேஸ் போனால் குளிர் குறையத்தானே வேண்டும்? அப்புறம் உள்ளே சூட்டை அளக்கும் சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தார். 7 கிலோ ஓம். "சென்சார் நல்லா இருக்கு சார், போர்டுதான் மாத்தணும்" என்றார். சென்சாரைப் படித்துக் கம்ப்ரஸரை இயக்கும் அந்த போர்டின் விலை கூலர் விலையில் மூன்றில் ஒரு பங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

இந்த சென்சார் ஒரு என்டிசி தெர்மிஸ்டர். குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும். என்னுடையதன் வயரில் 10கே, 3950 என்று அச்சிட்டிருந்தது. அதாவது 25 டிகிரியில் 10 கிலோ ஓம்; சூடு மாறும்போது தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்வது 3950. 30 டிகிரி அறையில் 8 வர வேண்டும், 7 வந்தது. அது பெரிய வித்தியாசமாகத் தெரியாததால்தான் அவர் சரி என்றார். நான் ஐஸை உடைத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, சென்சாரை அதில் பத்து நிமிடம் வைத்து அளந்தேன். 0 டிகிரியில் 32க்கு மேல் வர வேண்டியது, 20தான் வந்தது. போர்டுக்கு அது கிட்டத்தட்ட 10 டிகிரி என்று தெரியும். பாவம், இன்னும் சூடாக இருக்கிறது என்று நம்பி அது கம்ப்ரஸரை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

சென்சார் முனைக்குள் ஈரம் இறங்கியிருந்தது. ஈரத்தின் வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் கசிவதால் அளவு குறைந்து தெரியும். சூட்டில் தெர்மிஸ்டரின் தடையே குறைவு, அதனால் கசிவு மறைந்துவிடும். குளிரில்தான் வெளிப்படும். ஆகவே இந்தப் பழுதை அறைச் சூட்டில் வைத்துத் தேடாதீர்கள். உங்களுக்கு நேர்மாறாக, டிஸ்ப்ளே சில்லென்று காட்டி உள்ளே சூடாக இருந்தால், முதலில் கனெக்டரில் துரு இருக்கிறதா பாருங்கள்.

அதே 10கே, 3950 சென்சார் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்த இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் மாற்றிப் பயனில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய சென்சார் இருந்த கிளிப்பிலேயே, பின்சுவரைத் தொடாமல் மாட்டினேன். இணைப்பைக் கிரிம்ப் செய்து, அதாவது உலோகக் குழாயில் வயர்களை நுழைத்து நசுக்கி, நீர் புகாத ஸ்லீவ் போட்டேன். உள்ளே சால்டரிங் வேண்டாம். இந்தக் கூலர்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன்தான் இருக்கும், தீப்பிடிக்கும் வாயு அது.

இரண்டு நாள் கழித்து டம்ளர் தண்ணீர் 13 காட்டியது. பத்து மாதம் ஆகிறது. மாதம் ஒருமுறை அதே டம்ளரை உள்ளே வைத்துப் பார்க்கிறேன், அரை டிகிரிக்கு மேல் விலகவில்லை.