பி.யு. பெயின்ட் என்று சொல்லி வேறு எதையோ அடித்துவிட்டுப் போனார்கள்: சமையலறைக் கப்போர்டு வேலை கொடுக்கப் போகிறவர்கள் படியுங்கள்

திருச்சியில் இருக்கிறோம். சமையலறைக் கப்போர்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்து 25,900 ரூபாய் போனது. மறுபடி செலவு செய்து இப்போதுதான் அதைச் சரி பண்ணியிருக்கிறோம். உங்களில் யாராவது இதே வேலையைக் கொடுப்பதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது பிளைவுட் கப்போர்டு, மேலே பழுப்பு நிற மைக்கா. போட்டு 13 வருஷம் ஆகிறது. பலகை இன்னும் கெட்டியாக இருந்ததால் பிரித்துப் போட மனசு வரவில்லை. தெரிந்தவர் மூலமாக ஒரு கான்ட்ராக்டர் வந்தார். "பி.யு. அடிச்சிடலாம் மேடம், பத்து வருஷத்துக்குத் தொடவே வேண்டாம்" என்றார். பி.யு. என்றால் பாலியூரித்தேன், மரத்துக்கு அடிக்கும் ஒரு உறுதியான பெயின்ட். வெளிப்பக்கம் 70 சதுர அடி, அடிக்கு 260 ரூபாய். உள்பக்கமும் அதே அளவு, அடிக்கு 110. அட்வான்ஸ் 15,000 வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் இருந்தது "கப்போர்டு பெயின்டிங் வேலை" என்ற ஒரே வரி. எந்தப் பெயின்ட், என்ன ப்ரைமர், எத்தனை கோட்டிங், எதுவும் இல்லை. பி.யு. என்று அவர் சொன்னதெல்லாம் வாயால் சொன்னதுதான்.

இரண்டு பையன்கள் வந்து இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் கதவுகளில் இத்தனை வருஷத் தாளிப்பு எண்ணெய் படிந்து பிசுக்கேறிக் கிடந்தது. அதைக் கழுவவே இல்லை. காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, பேருக்கு ஒரு உப்புத்தாள், அவ்வளவுதான். மைக்கா பெயர்ந்திருந்த ஓரங்களில் சுவருக்கு வைக்கும் பட்டியையே அப்பினார்கள். கதவுகளைக் கழற்றாமல் சமையலறைக்குள்ளேயே ஸ்ப்ரே அடித்தார்கள். அந்தத் தின்னர் நெடியில் மாமியாருக்கு இளைப்பு வந்து, இரண்டு ராத்திரி நாத்தனார் வீட்டில் தங்க வேண்டியதாகிவிட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

முடித்த அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. மீதிப் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் அடுப்புப் பக்கம் வெள்ளை மங்கி மஞ்சளடித்தது. சிங்க்குக்குக் கீழே ஓரத்தில் வைத்த பட்டி ஈரம் பட்டுப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒருநாள் எண்ணெய்ப் பாட்டில் எடுக்கக் கதவைத் திறந்தபோது கைப்பிடிக்குப் பக்கத்தில் பெயின்ட் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் நெம்பினேன். ஆறின பாலில் ஆடை எடுப்பது போல உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, அதில் பழைய எண்ணெயின் மஞ்சள் கறை. கதவில் மைக்கா ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. பெயின்ட் எதையும் பிடிக்கவே இல்லை, சும்மா மேலே உட்கார்ந்திருந்திருக்கிறது.

போன் பண்ணினேன். "ஈரத்துணி போட்டுத் துடைச்சிருப்பீங்க மேடம்" என்றார். சமையலறைக் கதவை ஈரத்துணியால் துடைக்காமல் வேறு எப்படி வைத்துக்கொள்வது? அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

அப்புறம் எங்கள் பக்கத்தில் பல வருஷமாக பாலிஷ் வேலை செய்யும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் பஞ்சில் கொஞ்சம் என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் என்ற வகைப் பெயின்ட்டில் கலப்பது) தொட்டு, கதவின் உள்பக்கம் நாலு தடவை தேய்த்தார். வெள்ளைப் பெயின்ட் கரைந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டது. "இது பி.யு. இல்லம்மா, என்.சி. அடிச்சிருக்காங்க. பி.யு. நல்லா காஞ்சிட்டா இந்தத் தின்னர் அதை ஒண்ணும் பண்ணாது" என்றார்.

விஷயம் இதுதான். என்.சி. என்பது தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டும் காய்வது. அதனால் மறுபடி தின்னர் பட்டால் கரைந்துவிடும். மரத்துக்கு அடிக்கும் நல்ல பி.யு. இரண்டு டின்னாக வரும்: பெயின்ட் ஒன்று, ஹார்டனர் ஒன்று. இரண்டும் கலந்து ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகும். சூட்டையும் எண்ணெயையும் தாங்குவது அதனால்தான். எங்கள் வீட்டுக்கு வந்தது லேபிள் இல்லாத ஒரே ஒரு டப்பா. அதைக் கண்ணால் பார்த்தும் கேட்கத் தெரியவில்லை.

வேலையை அந்தப் பெரியவரிடமே கொடுத்தோம். கதவுகளைக் கழற்றி, பின்னால் நம்பர் எழுதி, தன் பட்டறைக்கு எடுத்துப் போனார். ஹார்டனரில் இருக்கும் ரசாயனம் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும், வீட்டுக்குள் அடிக்கவே கூடாது என்று மாமியாரைப் பற்றிக் கேட்டதுமே சொல்லிவிட்டார். பழையதை முழுக்க எடுத்து, சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, மைக்காவின் பளபளப்பு போகும் வரை உப்புத்தாள் போட்டு, அதன் பிறகுதான் ப்ரைமர். நான் போயிருந்த அன்று கலந்ததில் மீந்ததை ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றி, "நாளைக்கு வந்து பாரும்மா" என்றார். மறுநாள் அது கட்டியாக இறுகி, கவிழ்த்தாலும் சிந்தவில்லை. மாட்டிய பிறகும் ஒரு வாரம் ஈரத்துணி படக்கூடாது என்றார்.

எல்லாருக்கும் பி.யு.தான் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். செலவு கட்டுப்படாவிட்டால் நல்ல எனாமலே போதும். ஆனால் வெள்ளை அடிப்பதாக இருந்தால் எண்ணெய் எனாமல் வேண்டாம். வெளிச்சம் படாத உள்பக்கத்தில் சீக்கிரம் மஞ்சளாகும், தண்ணீரில் கலக்கும் எனாமல் அந்த அளவுக்கு மஞ்சளாகாது. சுவருக்கு அடித்து மீந்த எமல்ஷனை அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், எண்ணெய்க் கறையும் தேய்ப்பும் அதற்குத் தாங்காது. எதுவானாலும் சீல் உடைக்காத டின்னாக உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. லேபிள் இல்லாத டப்பாவில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? அரிசியும் பருப்பும் வைக்கிற இடம் அது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் பி.யு. என்று அவர் எழுதிக் கொடுத்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. நீங்கள் வாட்ஸ்அப்பிலாவது பெயின்ட் பேரையும் கோட்டிங் கணக்கையும் எழுதி வாங்கி வையுங்கள்.

போன வாரம் அடுத்த தெருவில் அதே ஆள் டேப் வைத்து அளந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் கிளம்பியதும் அந்த வீட்டம்மாவிடம் போய், எடுத்து வைத்திருந்த அந்த உரிந்த தோலைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, இன்னும் அட்வான்ஸ் கொடுக்கலைங்க" என்றார்கள்.