டாப்பிங் இ30: லேப்டாப்பில் பாட்டுக் கேட்கும் வீட்டுக்கு ஒரு டேக்

கேம்பிரிட்ஜ் ஆடியோவின் ஏஎக்ஸ்ஏ35 ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் டிஜிட்டல் இணைப்பு ஒன்றுகூடக் கிடையாது. சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ ஜாக்குகள், ரெக்கார்டு பிளேயருக்கு ஒரு ஃபோனோ இணைப்பு, முன்பக்கம் ஒரு 3.5 மில்லிமீட்டர் ஜாக், அவ்வளவுதான். சேனலுக்கு 35 வாட். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம். கூடவே ஒரு ஜோடி வார்ஃப்டேல் டைமண்ட் ஸ்பீக்கர், ஒரு பழைய சிடி பிளேயர். இந்த அமைப்பில் எனக்குக் குறையே இல்லை, சிடி ஓடும் வரைக்கும்.

ஆனால் இப்போது வீட்டில் யார் சிடி போடுகிறார்கள்? கச்சேரிப் பதிவுகள் எல்லாம் லேப்டாப்பில் இருக்கின்றன, மற்றது ஃபோனில், மார்கழியில் நேரலையாக வருவது டிவியில். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து ஒரு வயரை இழுத்து ஆம்பில் செருகிக் கேட்டால் பாட்டு வரும். கூடவே ஒரு ‘ஸ்ஸ்’ வரும். மவுஸை நகர்த்தினால் கிரீச் கிரீச் என்று மெலிதாக ஒன்று. சார்ஜரைச் செருகினால் அடியில் ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். சினிமாப் பாட்டில் இதெல்லாம் அமுங்கிப்போகும். ஒரு வித்வான் ஆலாபனையில் ஷட்ஜத்தில் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் அமுங்காது. தம்புரா மட்டும் ஒலிக்க வேண்டிய அந்த இரண்டு விநாடியில் மவுஸும் சார்ஜரும் சேர்ந்து பாடும்.

அதற்காகத்தான் டாப்பிங் இ30 என்ற டேக்கை வாங்கினேன். டாப்பிங் சீனாவின் குவாங்ஜோ நகரத்து நிறுவனம். இ30 வெளிவந்தது 2020இல். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. பின்னால் யூஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்சியல் என்று மூன்று உள்ளீடுகள். வெளியே போக ஒரு ஜோடி ஆர்சிஏ. கையோடு ஒரு சின்ன ரிமோட். எனக்குச் சுமார் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆனது.

டேக் (DAC) என்ற பெயர் புதிதாக இருப்பவர்களுக்கு: டிஜிட்டல் எண்களை ஆம்புக்குப் புரியும் மின் அலையாக மாற்றுவதுதான் அதன் வேலை. சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 16 பிட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண் வரிசையைத் திரும்ப அலையாக்கும் சில்லு சிடி பிளேயரிலும் இருக்கிறது, லேப்டாப்பிலும் இருக்கிறது, டிவியிலும் இருக்கிறது. ஆகவே டேக் இல்லாத வீடு என்று ஒன்று கிடையாது. தனியாக வாங்கும்போது நாம் செய்வது, அந்த வேலையை லேப்டாப்பின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, அதற்கென்றே செய்த பெட்டியிடம் கொடுப்பது. லேப்டாப்புக்குள் சிபியு, விசிறி, வைஃபை எல்லாம் ஒரே பலகையில் நெருக்கிக்கொண்டு மின்சத்தம் எழுப்பிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மெல்லிய அனலாக் அலையை உருவாக்கினால் அழுக்கு ஒட்டத்தான் செய்யும். எண்ணாகவே வெளியே அனுப்பிவிட்டால் ஒட்டுவது குறைவு. என் கணிப்பில் இந்தப் பெட்டியின் பலன் முக்கால்வாசி இதுதான்.

இ30இன் உள்ளே இருப்பது ஜப்பானின் ஏகேஎம் நிறுவனத்து ஏகே4493 சில்லு. அந்தக் கம்பெனியின் நொபெயோகா தொழிற்சாலை 2020 அக்டோபரில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. உலகம் முழுக்க டேக் தயாரிப்பவர்கள் சில்லுக்குத் திண்டாடி, பலர் ஈஎஸ்எஸ் என்ற இன்னொரு சில்லு நிறுவனத்தின் பக்கம் போனார்கள். பிறகு 2022இல் டாப்பிங், ஏகே4493எஸ் சில்லுகள் இரண்டைப் போட்டு இ30இன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. இன்றைக்குப் புதிதாகத் தேடினால் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். நான் சொல்வது முதல் பதிப்பைப் பற்றி.

பெட்டியைப் பிரித்ததும் தெரிந்துகொள்ள வேண்டியது, சுவரில் செருகும் அடாப்டர் உள்ளே வராது. 5 வோல்ட் எடுக்கும் ஒரு வயர் மட்டும் வரும். அதை எந்த ஃபோன் சார்ஜரிலும் செருகிக்கொள்ளலாம். வீட்டில் சும்மா கிடந்த ஒரு சார்ஜர் போதுமாக இருந்தது. ஆப்டிகல் வயர் மட்டும் சென்னை போனபோது ரிச்சி தெருவில் வாங்கினேன். பொன்முலாம், வெள்ளி இழை என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வயர்களும் அங்கே உண்டு. ஆப்டிகலில் ஓடுவது வெளிச்சம். முனையில் தங்கம் பூசி ஆகப்போவது ஒன்றும் இல்லை, சாதாரணமானதையே வாங்குங்கள்.

யூஎஸ்பியில் லேப்டாப்பைச் சேர்த்து, எதையும் பாட விடாமல் ஆம்பின் சத்தத்தை முக்கால் வரை ஏற்றிப் பார்த்தேன். ‘ஸ்ஸ்’ இல்லை. மவுஸ் சத்தம் சுத்தமாக இல்லை. சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் அந்த ‘உம்’ ஒரு நூல் அளவு மிச்சம் இருந்தது, ஸ்பீக்கரில் காதை வைத்தால் கேட்கிற அளவுக்கு. காரணம் எளிது. யூஎஸ்பி வயரிலும் எர்த் கம்பி உண்டு. லேப்டாப் சார்ஜர் ஒரு சுவரிலும் ஆம்ப் இன்னொரு சுவரிலும் இருந்தால், எர்த் வழியாக ஒரு வளையம் உருவாகி அதில் மின்கசிவு ஓடும். டேக் வாங்கிவிட்டாலே அது போய்விடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆம்ப், டேக், சார்ஜர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன், அதுவும் நின்றது. உங்கள் வீட்டில் இப்போதே இந்த இரைச்சல் இருந்தால், செலவு செய்வதற்கு முன் முதலில் இதைச் செய்து பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

அப்புறம் பாட்டுக்கு வருகிறேன். முதலில் போட்டது லால்குடி ஜெயராமன் வயலின். வில்லைத் திருப்பும் இடம், அடுத்த ஸ்வரத்துக்கு விரல் வழுக்கிப் போகும் இடம், இரண்டுக்கும் முன்னால் இருந்த திரை விலகியிருந்தது. தம்புராவில் ஜீவாளி நூல் எழுப்பும் அந்த ரீங்காரம் மிக மெல்லிய மேல்சுரங்களால் ஆனது. லேப்டாப் ஜாக்கின் ‘ஸ்ஸ்’ அடித்து விழுங்கியது அதைத்தான். அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி, “ஏங்க, சுருதிப் பெட்டி எதுவும் ஓடுதா?” என்று கேட்டாள். பதிவிலேயே இருந்த தம்புராதான். மிருதங்கத்தில் வலந்தலைச் சாப்பும் இடப்பக்கத் தொப்பியின் கும்கியும் தனித்தனியாக நின்றன. தனி ஆவர்த்தனத்தில் மெதுவாக விரலால் வருடும் பகுதியைச் சத்தம் கூட்டாமலே கேட்க முடிந்தது.

பழைய மோனோ பதிவுகளை இது அழகாக்கிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். மதுரை மணி ஐயரின் சபா கச்சேரி, பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தோடு கைக்குக் கை மாறி வந்த டேப் பிரதி. அதில் டேப்பின் ‘ஹிஸ்’ஸும் மைக்கில் ஒலி உடையும் இடங்களும் முன்பைவிடத் தெளிவாகவே கேட்டன. எண்ணில் எழுதி வைத்த அழுக்கை டேக் துடைக்காது, துடைக்கவும் கூடாது. எனக்கு அது உறுத்தவில்லை. இரைச்சல் எது பதிவினுடையது, எது என் லேப்டாப்பினுடையது என்று பிரித்துத் தெரிந்ததே நிம்மதி.

டேக் மாற்றியதும் ‘இனிமை கூடியது’, ‘மேடை விரிந்தது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. இ30 வெளியே தருவது 2 வோல்ட், சிடி பிளேயர்களின் வழக்கமான அளவு. லேப்டாப் ஜாக் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே தரும். ஆகவே டேக்குக்கு மாற்றிய உடனே சத்தம் கூடும், சத்தம் கூடினால் யார் காதுக்கும் ஒலி நன்றாகத்தான் படும். இரண்டையும் நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் அளவைச் சமமாக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓட விட்டு, ஸ்பீக்கர் முனையில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து, இரண்டு உள்ளீட்டிலும் ஒரே வோல்ட் வரும்படி ஆம்பின் குமிழில் அடையாளம் போட்டுக்கொண்டேன். பிறகு என் மகள் மாற்றி மாற்றி வைக்க, திரும்பிப் பார்க்காமல் கேட்டேன். லேப்டாப் ஜாக்கா டேக்கா என்பது மெதுவான பகுதிகளில் எளிதாகப் பிடிபட்டது. பாட்டு உச்சத்தில் போகும்போது பிடிபடவில்லை. அடுத்து சிடி பிளேயர் ஒரு பக்கம், அதே சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்பு இ30 வழியாக மறுபக்கம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை, அவளுக்கு என்னைவிடக் கூர்மையான காது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நன்றாக வேலை செய்யும் சிடி பிளேயருக்கு இணையாக ஒரு லேப்டாப் ஒலிக்கிறது என்றால் பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. 16 பிட் சிடியின் ஒலி வீச்சு 96 டெசிபல். இந்த டேக்கின் திறன் அதைத் தாண்டியே இருக்கிறது. அதற்கு மேல் மூன்று மடங்கு, பத்து மடங்கு விலையில் வாங்கினால் கிடைப்பது கூடுதல் இணைப்புகள், கனமான உலோகப் பெட்டி. அவற்றுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அதை ஒலியின் பெயரால் விற்கக் கூடாது.

இதில் ஆறு ஃபில்டர்கள் இருக்கின்றன. வித்தியாசமெல்லாம் காது கேட்கும் அதிர்வெண்ணின் மேல் எல்லையில்தான். ஐம்பதைத் தாண்டியவர்கள் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

எனக்கு மிகவும் உதவுவது முன்பக்கத் திரை. உள்ளே வரும் சிக்னலின் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை அளவுகள் என்பதை, அது எண்ணாகக் காட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டை ஓட விட்டும் திரையில் 48 என்று நின்றால், நடுவில் விண்டோஸ் கையை வைத்து மாற்றுகிறது என்று அர்த்தம். ஃபூபார்2000 போன்ற பிளேயரில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் மாறாமல் நேராக வரும். ஆண்ட்ராய்டிலும் இதே கதை. யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ என்ற செயலி தன் சொந்த டிரைவரால் அதைத் தவிர்க்கிறது. 44.1 என்பது 48 ஆவதால் காதுக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. ஆனால் நம் பாட்டுக்கு நடுவழியில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவது நல்ல விஷயம். ஆப்பிள் மியூசிக் 2021இல் கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ், அதாவது தரம் குறையாத ஒலி, கொடுக்கத் தொடங்கியபோது, 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பதிவுகளுக்கு வெளி டேக் வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். அந்தச் சந்தா வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

டிவிக்கு ஆப்டிகல். வெளிச்சத்தில் எர்த் வளையம் கிடையாது என்பதால் இரைச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் முதல் தடவை செருகியதும் ஒன்றும் கேட்காமல் போகலாம். டிவி டால்பி சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும், இந்த டேக்குக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை பிசிஎம் என்று மாற்றினால் உடனே வரும். பல டிவிகளில் ஆப்டிகலைப் போட்டதும் டிவி ரிமோட்டால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. அப்போது இ30இன் ரிமோட் கைகொடுக்கிறது, சத்தத்தை டேக்கே கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் முறையில் இதை வைத்தால் போதும். மார்கழி நேரலைகளை டிவியின் பின்பக்கத்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு, வீட்டில் யாருக்கும் கிடைக்காத அளவு சந்தோஷம் இதில். இப்போதெல்லாம் கடம் வாசிப்பவர் யார் என்று திரையில் பெயர் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள்.

ஹெட்ஃபோன் மட்டும் போட்டுக் கேட்பவர்கள் இதை வாங்க வேண்டாம், இதில் ஹெட்ஃபோன் ஜாக் கிடையாது. ப்ளூடூத்தும் கிடையாது. ஆம்புக்குள்ளேயே ஆப்டிகல், யூஎஸ்பி இணைப்பு இருப்பவர்களும் முதலில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள், உள்ளே ஏற்கனவே ஒரு டேக் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி அலமாரியில் திணித்து வைத்திருப்பவர்கள் அந்தப் பன்னிரண்டாயிரத்தை நல்ல ஸ்டாண்டு வாங்கச் செலவிடுங்கள். சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுத்து, ட்வீட்டர் (மேல் அதிர்வெண்களை ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வந்தால் கிடைக்கும் மாற்றம் எந்த டேக்கும் தர முடியாதது. என் வீட்டில் ஸ்டாண்டு முதலில் வந்தது, டேக் அடுத்துதான் வந்தது. இதே வரிசையைத்தான் கேட்கிற நண்பர்களுக்கும் சொல்கிறேன்.

இப்போது மிச்சமிருக்கும் வேலை, அலமாரியில் இருக்கும் சிடிக்களை ஒவ்வொன்றாக ஃப்ளாக் ஆக மாற்றுவது. சிடி பிளேயரின் லென்ஸுக்கு வயதாகிறது, சில தட்டுகளைப் படிக்கவே யோசிக்கிறது. உதிரிபாகம் கிடைப்பதும் அருகி வருகிறது. அது நிற்பதற்குள் வீணைத் தட்டுகளை முடித்துவிட வேண்டும்.