கடையில் ஒரு ஏஜி4, ஆன்லைனில் ஒரு ஏஜி4: ஓட்டிப் பார்த்த அனுபவம்

சென்ற வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். துவாக்குடியில் புதிதாகக் கிரில் பட்டறை போடுகிறான். "ஏஜி4 ரெண்டு எடுக்கணும்டா. டவுன் கடையில ஒண்ணு 2,950 சொல்றாங்க. ஆன்லைன்ல அதே மாடல் 2,300. எதுல எடுக்க?" ஏஜி4 என்றால் நான்கு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், வீல் மாட்டி இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டும் மெஷின். இரண்டுக்கும் சேர்த்து 1,300 ரூபாய் மிச்சம். போன வருடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் கடைக்குப் போ என்றிருப்பேன். இந்த முறை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அன்று காலையில்தான் என் பழைய மெஷினைக் கடையிலிருந்து ரிப்பேர் ஆகாமலே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அதனால் அவனுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு ஏஜி4 இருக்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல். முதலாவது 2019இல் திருச்சி டவுனில் ஒரு கடையில் வாங்கியது. இரண்டாவது 2022 தீபாவளி சேலில் ஆன்லைனில் வந்தது. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று இரண்டும் செய்வது ஒரே வேலை. ஓட்டத்தில் இன்று வரை ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடைக்கு வருகிற சரக்கு வேறு, ஆன்லைனுக்கு வருகிற சரக்கு வேறு என்று பலர் அடித்துச் சொல்வார்கள். என் பட்டறையில் அதற்கு ஆதாரம் இல்லை. கம்பெனி பெயரை ஒட்டி வரும் போலி மெஷின் வேறு விஷயம். அது ஆன்லைனிலும் வரும், கடையிலும் வரும்.

2019இல் அந்த 2,950 ரூபாயைக் கொடுத்தபோது எனக்குக் கிடைத்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டரில் பெட்டியைப் பிரித்து, வீலை மறைக்கும் பாதுகாப்புத் தகட்டை மாட்டி, வீல் போடாமல் இரண்டு நிமிடம் ஓட விட்டார்கள். பிறகு அதைக் கடையின் பின்பக்கம் எடுத்துப் போனார்கள். அங்கே ஒரு இரும்பு மேசை, அதன் மேல் ஒரு டியூப்லைட், பக்கத்தில் கிரீஸ் டப்பா. மேசைக்குப் பின்னால் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெஷினைக் காதருகே பிடித்துக் கேட்டுவிட்டு, "கியர் நல்லா உட்கார்ந்திருக்கு தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்றார். மோட்டாரில் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் ஒரு செட்டையும் எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மெஷின் திணறத் தொடங்கியது. சுவிட்சைப் போட்டால் பின்பக்கக் காற்றுத் துவாரத்தில் நெருப்பு வளையம் மாதிரி தெரிந்தது. மோட்டாருக்குள் சுழலும் பாகமான ஆர்மேச்சர் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். பெரியவர் பேச்சே இல்லாமல் நான்கு ஸ்குரூவைக் கழற்றி ஆர்மேச்சரை வெளியே எடுத்து, குரோலர் என்ற மின்காந்தச் சோதனைக் கருவி மேல் வைத்தார். உடைந்த ஹேக்ஸா பிளேடு துண்டு ஒன்றை அதன் மேல் படாமல் படும்படி பிடித்து, ஆர்மேச்சரை மெதுவாகத் திருப்பினார். காயிலில், அதாவது அதில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியில், எங்கேயாவது ஷார்ட் ஆகியிருந்தால் அந்த இடம் வரும்போது பிளேடு தடதடவென்று அதிரும். ஒரு சுற்று முழுக்கத் திருப்பினார். அதிரவில்லை. "காயில் நல்லா இருக்கு. கார்பன் தேய்ஞ்சு, கம்யூட்டேட்டர் இடுக்குல தூள் அடைச்சிருக்கு" என்றார். கம்யூட்டேட்டர் என்பது கார்பன் உரசிக்கொண்டே இருக்கும் உருளை. அதே பிளேடின் முனையால் அதன் செம்புப் பட்டைகளுக்கு நடுவே ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டினார். வந்த கறுப்புத் தூளைக் காகிதத்தில் தட்டி எனக்குக் காட்டினார். பாதி கார்பன், பாதி இரும்பு. கம்யூட்டேட்டருக்கு ஜீரோ நம்பர் எமரி தாள் போட்டார், புது கார்பன் மாட்டினார், பின்பக்க 607 பேரிங்கை மாற்றினார். மொத்தம் 280 ரூபாய்.

அன்று அவர் சொன்னதைத்தான் என் பட்டறைப் பையன்களுக்கு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெஷின் வேலையால் சாவதில்லை, இரும்புத் தூளால் சாகிறது. உள்ளே இருக்கிற ஃபேன் குளிர்ச்சிக்காகக் காற்றை இழுக்கிறது, காற்றோடு தூளையும் இழுக்கிறது. கீழே கிடக்கிற தூள் மேலேயே மெஷினை வைக்காதே, சாயங்காலம் நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டுக் காற்றடி. கார்பன் ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் கீழே போவதற்குள் மாற்று, இரண்டையும் சேர்த்தே மாற்று. மெல்லிசான ஒயரில் நீள எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டாதே, வோல்டேஜ் இறங்கினால் பையன் இன்னும் அழுத்துவான், காயில் சூடேறும். இதில் ஒரு வரிகூட மெஷின் பெட்டிக்குள் வருகிற தாளைப் படித்து எனக்குத் தெரிந்ததில்லை.

கட்டிங் வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அதில் மாதமும் வருடமும் அடித்திருக்கும். அது காலாவதித் தேதி. ரெசின் வைத்து ஒட்டிய வீல், நாளாக ஆக ஈரத்தை இழுத்துப் பலம் குறையும். தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் அதைப் போடக் கூடாது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிற பொருள் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு முறை ஆன்லைனில் விலை மலிவு என்று ஐம்பது வீல் பெட்டி ஒன்று போட்டேன். வளையத்தைப் பார்த்தால் நான்கு மாதம்தான் பாக்கி. கடையில் என்றால் வாங்கும் முன்பே திருப்பிப் பார்த்திருப்பேன்.

சரி, ஆன்லைனுக்கு வருகிறேன். நியாயமாகச் சொன்னால் அதில் நான் பெரிதாக ஏமாறவில்லை. முதலில் வந்த பார்சல் மட்டும் சரியில்லை. டேப் மேல் டேப் ஒட்டியிருந்தது, ஸ்பிண்டிலில் வீல் மாட்டிக் கழற்றிய தேய்மானம் தெரிந்தது. யாரோ வாங்கித் திருப்பி அனுப்பியது. டெலிவரி பையன் எதிரிலேயே பிரித்து வீடியோ எடுத்து வைத்திருந்ததால் நான்கு நாளில் வேறு மெஷின் வந்தது. எட்டாவது மாதம் அதன் சுவிட்ச் போனது. பில்லைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஆன்லைனில் வாங்கியதா என்று முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. பில்லில் இருந்த சீரியல் நம்பரை மெஷினில் இருக்கும் பெயர்ப் பட்டையோடு ஒப்பிட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் ஆனது, ஆனால் இலவசம்.

பில் விஷயத்தில் ஆன்லைனைக் கையெடுத்துக் கும்பிடுவேன். 2,950 ரூபாயில் மெஷின் 2,500, பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி 450. என் ஜிஎஸ்டி நம்பரைக் கொடுத்தால் அந்த 450ஐ நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆன்லைனில் நம்பரை ஒரு தடவை பதிந்துவிட்டால் போதும். கடையில் 2019இல் கேட்டபோது, "பில்லோட 2,950, பில் இல்லாம 2,700" என்றார்கள். பில் இல்லாத மெஷினுக்கு வாரண்டியும் கிடையாது, வரிக் கழிவும் கிடையாது. அந்த 250 ரூபாய் லாபம் யாருக்கு? பில்லோடுதான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். ஒவ்வொரு முறையும் இப்படி நின்று கேட்க வேண்டியிருந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பட்டறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக ஒருவர் தானே பயன்படுத்தும் பொருளுக்கு விலக்கு இருக்கிறது. அவர் நுகர்வோர்தான். ஆன்லைன் தளங்களுக்கு 2020இல் தனி விதிகள் வந்தன. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உதவிக்கு 1915 நம்பர் இருக்கிறது. இதற்கெல்லாம் கையில் பில் வேண்டும்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் 2022லிருந்து போன வருடம் வரை கேட்டவர்களை எல்லாம் கடைக்குத்தான் அனுப்பினேன். விலை கூட, பில்லுக்குப் போராட்டம், ஸ்டாக் இல்லை என்றால் "நாளைக்கு வரும்" என்று ஒரு வாரம் இழுப்பார்கள். எல்லாம் தெரிந்தே அனுப்பினேன். காரணம் அந்த மேசை. ஆன்லைனில் வாங்கிய என் இரண்டாவது மெஷினைக்கூட வாரண்டி முடிந்த பிறகு அங்கேதான் கொண்டுபோனேன். எங்கே வாங்கியது என்று பெரியவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பழைய மெஷினில் மறுபடியும் நெருப்பு வளையம். கார்பனை நானே மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் பின்பக்கம் மேசை இல்லை. அந்த இடத்தில் கூரை வரைக்கும் புது மெஷின் பெட்டிகள். பெரியவர் ஆறு மாதத்துக்கு முன்பே நின்றுவிட்டாராம். "வெச்சுட்டுப் போங்கண்ணே, ஆள் வருவார்" என்றான் கவுன்ட்டரில் இருந்த பையன். வைத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் கழித்து, "ஆர்மேச்சர் போச்சு, 1,100 ஆகும். அதுக்குப் புதுசே எடுத்துக்கலாம்" என்று போனில் சொன்னார்கள்.

மெஷினைத் திரும்ப வாங்கிப் பட்டறையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கியர் பெட்டியின் நான்கு ஸ்குரூ தலையிலும் நான் கொடுத்தபோது இருந்த துருத்தூள் அப்படியே இறுகி அடைத்திருந்தது. பின்பக்கக் கவர் ஸ்குரூவும் அதே நிலைதான். ஸ்குரூ டிரைவர் முனை அதில் பட்டிருந்தால் அந்தத் தூள் உதிர்ந்திருக்கும். ஆக, யாரும் திறக்கவே இல்லை. திறக்காமல் ஆர்மேச்சர் போச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். 1,100 ரூபாய் கேட்டதில்கூட எனக்குக் கோபம் இல்லை. மூன்று நாள் வைத்திருந்து நான்கு ஸ்குரூவைக்கூடக் கழற்றாதது இன்னும் மனசில் குத்துகிறது. 650 ரூபாய் கூடக் கொடுத்து ஒரு கடையில் வாங்குகிறோம் என்றால், மெஷினைத் திறந்து பார்க்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்காகத்தான் கொடுக்கிறோம். அந்த ஆள் இல்லாத கடையும் பெட்டியைத்தான் விற்கிறது. பெட்டி ஆன்லைனில் 2,300க்கு வருகிறது.

அதனால் நண்பனை ஆன்லைனிலேயே எடுக்கச் சொல்லிவிட்டேன். இதைச் சொல்வேன் என்று போன வருடம் நானே நம்பியிருக்க மாட்டேன். கூடவே சிலது சொன்னேன். விற்பவர் பெயரைப் பார்த்து, அவர் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலர்தானா என்று கம்பெனிக்கே போன் போட்டுக் கேள். எம்ஆர்பியைக் கோடு போட்டு அடித்துக் காட்டும் தள்ளுபடியைப் பார்க்காதே, பவர் டூல்ஸை எம்ஆர்பிக்கு யாருமே விற்பதில்லை. பார்சலை டெலிவரி ஆள் எதிரில் பிரி, மெஷின் பட்டை, பெட்டி, பில் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்கிறதா பார். கம்பெனி தளத்தில் வாரண்டியை அன்றே பதிவு செய். போஷ் எடுத்தால் நீல நிறம் பார்த்து எடு, பச்சை வீட்டு வேலைக்குச் செய்தது, பட்டறை அடிக்குத் தாங்காது. பேட்டரி மெஷின் பக்கம் போனால் 'பேர் டூல்' என்று போட்டிருக்கிறதா பார். அதில் பேட்டரியும் வராது, சார்ஜரும் வராது. 18 வோல்ட், 20 வோல்ட் என்பதில் குழம்பாதே, இரண்டிலும் உள்ளே தொடராக ஐந்து செல்தான். செல்லுக்கு 3.6 என்று கணக்குப் போட்டால் 18, முழு சார்ஜில் சுமார் நான்கு என்று போட்டால் 20.

கார்பன் பிரஷ் மட்டும் இரண்டு செட் சேர்த்தே ஆர்டர் போடச் சொன்னேன், அதே மாடலுக்கு உள்ளது. சனிக்கிழமை சாயங்காலம் கார்பன் போனால் திங்கட்கிழமை வரைக்கும் இரண்டு பையன்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ஹேமர் மெஷினை எதில் எடுப்பது என்றும் கேட்டான். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கான்கிரீட் தூளில் கிடந்து அடிக்கிற மெஷின், அடிக்கடி திறந்து கிரீஸ் மாற்ற வேண்டும். ஆள் தெரியாமல் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

பெரியவர் வீடு பொன்மலைப் பக்கம் என்று கடைக்கு எதிரில் டீக்கடை வைத்திருப்பவர் சொன்னார். இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய மெஷினை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். குரோலரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் ஒன்று வாங்கித் தருகிறேன்.